பதினேழின் ஏழாவது கட்டம்

லாரி வந்து எடை மேடையில் நின்றதும் எடை எழுதும் தங்கை முதலில் பார்ப்பது சக்கரத்தைத்தான். கல் ஏற்றிய லாரிக்காரர்கள் சிலர் பின்சக்கரத்தை ஒரு சாண் வெளியே விட்டு நிறுத்துவார்கள். எடை குறைத்துக் காட்டும். ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தபடியே அவள் கையை மட்டும் நீட்டி, விரலை மடக்கி, 'உள்ளே வா' என்று காட்டுவாள்.

"உங்களுக்கு முதுகுல கண்ணா இருக்கு?" என்பார் டிரைவர்.

"முதுகுல இல்ல, உங்க சக்கரத்துல இருக்கு. ஏத்துங்க."

பத்தாவது வரைதான் படிப்பு. ஆனால் பதினோரு வருஷத்தில் அவள் எழுதிய எடைகளில் அடித்தல் திருத்தல் மொத்தமே ஆறு. எந்தெந்தத் தேதி என்று கேட்டால் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்வாள். தப்பு வந்தால் அதன்மேல் எழுதக் கூடாது, சுரண்டக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, அடியில் இருப்பதும் தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவளுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாக வைத்துக்கொண்ட சட்டம். எடை மேடை முதலாளி பிறகு மற்ற எல்லாருக்கும் அதையே சட்டமாக்கினார்.

இப்படிப்பட்டவள் ஒருமுறை ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பினாள். அது லாரி எடை அல்ல. அதை அடித்துத் திருத்த அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

அவள் அண்ணனுக்கு பஸ் கண்டக்டர் வேலை. பஸ்ஸின் கடைசி சீட்டில் தூங்குகிறவனை முன் படிக்கட்டிலிருந்து எழுப்புகிற குரல். கூட்டத்தில் எத்தனை தலை ஏறியது, எத்தனை இறங்கியது என்று கண்ணாலேயே எண்ணிவிடுவார். இந்த இரண்டு திறமைக்காகத்தான் ஊர் மெக்கானிக்குகள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். கல் எடுத்துக் கைவிட்ட ஒரு பெரிய நிலம். அதைச் சுற்றி மண் பாதை, பாதையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. கோட்டைத் தாண்டுகிற வண்டியின் எண்ணை அவர் உரக்கச் சொல்ல வேண்டும், இன்னொருவர் எழுத வேண்டும். எழுதிக்கொண்டிருந்தவர் ஒருநாள் சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதி, அந்த அட்டையைத் தூக்கியும் போட்டுவிட்டார். இரண்டாவது வந்தது யார் என்று அடிதடி ஆகி, ஒருவருக்கு முன்பல் போனது.

அடுத்த வாரம் அண்ணன் தங்கையை அழைத்துக்கொண்டு போனார்.

"என் தங்கச்சி. இனிமே இவதான் எழுதுவா. பல்லு மிச்சம் இருக்கிறவங்க சந்தோஷப்படுங்க."

அவள் முதல் நாளே ஒரு தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். மேலே குறுக்காக ஒன்று முதல் இருபத்து நான்கு வரை வண்டி எண்கள். இடது ஓரத்தில் கீழே கீழே சுற்று ஒன்று, சுற்று இரண்டு என்று பத்து வரை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கட்டம். அந்தச் சுற்றில் எத்தனையாவதாக ஒருவன் கோட்டைத் தாண்டுகிறானோ அந்த எண்ணைக் கட்டத்தில் போட வேண்டும். அச்சகத்தில் கொடுத்து அதையே ஆயிரம் தாள் அடித்துக்கொண்டு வந்தார்கள்.

அந்தத் தாள் யார் ஜெயித்தார்கள் என்பதற்கு மட்டும் அல்ல. பாதையில் பாதி கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் கழிவுக்கல் கொட்டிய ஒரு பெரிய மேடு. அதற்குப் பின்னால் போகிற வண்டி, மேட்டின் மறுமுனையில் வெளியே வரும் வரைக்கும் மேசைப் பக்கம் யார் பார்வையிலும் இருக்காது. அங்கே கொடியோடு ஒருவர் நிற்க வேண்டும் என்று ஏற்பாடு, பாதி நாள் நிற்க மாட்டார். சத்தம் மட்டும்தான் கேட்கும். இருபது வண்டிச் சத்தத்தில் ஒன்று குறைந்தால் எந்தக் காதுக்குத் தெரியும்? ஆகவே ஒரு சுற்றில் ஒரு கட்டம் காலியாக நின்றால் தங்கை, "காலி!" என்று சொல்லி எண்ணையும் சொல்வாள். அண்ணன் கண்டக்டர் விசிலை மூன்று முறை ஊதுவார். தேடிப் போக டிராக்டர் கிளம்பும். பத்தில் ஒன்பது தடவை செயின் கழன்று, பாதை ஓரமாக உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருப்பான்.

"அக்கா, ஒரு பீடி குடிக்க விட மாட்டீங்களா? அதுக்குள்ள டிராக்டரா?"

"குடி. ஆனா நான் பார்க்கிற இடத்துல உக்காந்து குடி."

பந்தயம் முடிந்ததும் இன்னொரு வழக்கம். அண்ணனின் இடது கையில் கைக்குள் அடங்குகிற ஒரு எண்ணும் கருவி இருக்கும். ஒரு வண்டி தாண்டினால் கட்டை விரலால் ஒரு அழுத்து. அங்கே அதற்குப் பெயரே டிக்டிக். தாளில் நிரம்பிய கட்டங்களைத் தங்கை எண்ணிச் சொல்வாள், டிக்டிக்கில் இருக்கும் எண்ணை அண்ணன் சொல்வார். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாகவே இருந்தது, ஒன்பது வருஷம்.

வீட்டில் அண்ணிக்கு இது எல்லாம் வேடிக்கை. "ஒருத்தர் கத்துறது, இன்னொருத்தர் எழுதுறது. இதுக்கு வெயில்ல போகணுமா? சமையல்கட்டுல உக்காருங்க, நான் வாங்க வேண்டியதைச் சொல்றேன், நீங்க கத்துங்க, அவ எழுதட்டும்."

வருஷம் போகப் போக இருவருக்கும் ஒரு ஒத்திசைவு வந்துவிட்டது. வண்டிகள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் சுற்றுச் சுற்றாக வரும். நாலு, ஒன்பது, பதினேழு, பன்னிரண்டு. குரல் வருவதற்கு அரை விநாடி முன்பே அவள் பேனா சரியான கட்டத்தின்மேல் போய் நிற்கும். சில நேரம் எழுதியே முடித்திருப்பாள். அண்ணனுக்கு அதில் அளவில்லாத பெருமை. டீக்கடையில், டெப்போவில், பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்:

"நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள என் தங்கச்சி எழுதிடுவா!"

ஒரு ஞாயிற்றுக்குப் பிறகு அந்த வாக்கியத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பதினேழாம் எண் பால்காரனுடையது. காலையில் எந்த வண்டியில் பால் கொண்டுபோய் ஊற்றுவானோ அதே வண்டியில்தான் பந்தயமும் ஓட்டுவான். கேன் மாட்டுகிற இரும்புக் கொக்கிகளைக் கழற்றி, தங்கையின் மேசைக்கு அடியில் வைத்துவிட்டுப் போவான். இருபத்தாறு வயது. தையல் கடை வைத்திருக்கும் அம்மாவுக்கு ஒரே பிள்ளை.

"அக்கா, கொக்கி பத்திரம். நாளைக்கு ஊருக்கே பால் கிடைக்காது."

"முதல்ல வந்தா தர்றேன். மூணாவது வந்தா அரை லிட்டர் கொடுத்து வாங்கிக்கோ."

"அப்போ வாராவாரம் அரை லிட்டர்தான் எனக்கு நஷ்டம்" என்று சிரிப்பான். உண்மைதான். அவன் எப்போதும் மூன்றாவது. அவன் வண்டியைவிட நல்ல வண்டி இரண்டு இருந்தன. அவனைவிட நன்றாக ஓட்டுகிறவர்கள் இல்லை என்பார்கள்.

அந்த ஞாயிறு நல்ல வெயில். மூன்று வாரமாக மழை இல்லை. வண்டி போன பிறகும் தூசி போகாமல் கோட்டின்மேலேயே தொங்கியது. மேட்டுக்குப் பின்னால் கொடியோடு நிற்க வேண்டியவர் தண்ணீர் குடிக்கக் கூடாரத்துக்கு வந்துவிட்டார். இருபது வண்டிகள். அதிசயமாக அன்று ஒருவரும் நடுவில் விலகவில்லை. ஆறு சுற்றும் ஒரே வரிசை. நாலு, ஒன்பது, பதினேழு, பன்னிரண்டு.

ஏழாவது சுற்று. நாலு. ஒன்பது. தூசி. தங்கை பதினேழின் கட்டத்தில் மூன்று போட்டாள். பன்னிரண்டுக்கு நாலு. கடைசி வண்டிக்கு இருபது.

எட்டாவது சுற்று. நாலு. ஒன்பது. பன்னிரண்டு. அவள் பேனா நின்றது.

"காலி! பதினேழு!"

விசில் மூன்று முறை கேட்டது. டிராக்டர் போனது.

மேட்டின் பின்பக்கச் சரிவில், பாதையிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு பள்ளத்தில் கிடந்தான். ஓட்டுகிறவன் யாரும் பார்த்திருக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மூச்சு நின்றது. முன்பே கொண்டு வந்திருந்தால் என்று யாரோ கேட்டதற்கு டாக்டர், அதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்றார்.

மறுநாள் டிராக்டர்காரர் எடை மேடைக்கு வந்தார். ஜன்னலில் சாய்ந்துகொண்டு அதையும் இதையும் பேசிவிட்டு, விகல்பம் இல்லாமல் ஒன்று சொன்னார்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல தங்கச்சி. வண்டி தலைகீழாக் கிடந்துச்சு. மூடி வழியா நூல் மாதிரி வடிஞ்சு, டேங்கே காலி. கீழ மண்ணு குடிச்சு முடிச்சு ஈரம்கூட ஓரத்துல காய ஆரம்பிச்சிருந்துச்சு. விழுந்து ஒரு நிமிஷம்தானே ஆகியிருக்கும்? அதுக்குள்ளயா அத்தனை பெட்ரோலும் வடியும்?"

அடுத்த லாரி வந்து நின்றது. அவள் சக்கரத்தைப் பார்க்க மறந்தாள்.

அன்று மாலை அண்ணனிடம் நேராகக் கேட்டாள்.

"ஏழாவது சுத்துல நீ பதினேழு கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன்."

"தூசியில தெரிஞ்சுதா?"

"தூசியில வேற எதையோ பார்த்துப் பதினேழுன்னு சொல்லிட்டேன் போல. நீ என்ன செய்வே? நான் சொன்னதை எழுதின. தப்பு இருந்தா என்னோடது. விடு."

அவர் அப்படிச் சொன்னபோது சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. அந்த ஞாயிறு மட்டும் இருவரும் தாளையும் டிக்டிக்கையும் ஒத்துப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடிய களேபரத்தில் யாருக்குத் தோன்றும்? ஆனால் ஓடுவதற்கு முன் அண்ணன் உள்ளங்கையை ஒரு தடவை பார்த்தார், பிறகு டிக்டிக்கின் பக்கத்துத் திருகைச் சுற்றினார். கர்ரென்று ஒரு சின்னச் சத்தம். எண்கள் எல்லாம் சைபருக்குப் போகிற சத்தம் அது. தாளை அவள் தனியாக எண்ணினாள். ஏழு சுற்றுக்கு நூற்று நாற்பது, எட்டாவதில் பத்தொன்பது. நூற்று ஐம்பத்தொன்பது கட்டம்.

டிக்டிக்கில் என்ன இருந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவார் என்ற பயம்தான்.

ஒரு மாதம் கழித்துப் பால்காரனின் அம்மா எடை மேடைக்கு வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"அன்னிக்கு எழுதின தாள் இருக்காமே, அதை எனக்குத் தருவியா? அவன் கடைசியா செஞ்சது அதுல இருக்குன்னு சொன்னாங்க."

தங்கை கொடுத்தாள். அந்த அம்மா பதினேழைத் தேடி, விரலை மேலிருந்து கீழே இறக்கினார். மூணு, மூணு, மூணு. ஏழு மூணு.

"ஏழு சுத்தும் மூணாவது. ஒரு தடவைகூடப் பின்னால போகல, பாத்தியா?" என்றார். "எட்டுல விழுந்திருக்கான். விழுந்த உடனே நீ விசில் ஊத வச்சியாம். உடனே போய்த் தூக்கிட்டாங்களாம். தனியாக் கிடக்கலன்னு அதுதான் எனக்கு... அது போதும்மா."

அந்தத் தாளைத் தையல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். துணி அளக்க வருகிறவர்கள் அதன்மேல்தான் துணியை விரிப்பார்கள். தங்கை வேலைக்குப் போகிற வழி அந்தக் கடை வாசல். அதற்குப் பிறகு அவள் வேறு தெரு வழியாக, கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்பிப் போனாள். யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. அண்ணிகூட.

பந்தயம் இரண்டு மாதம் நின்று, மறுபடி தொடங்கியது. பதினேழாம் எண்ணை யாரும் கேட்கவில்லை. ஆனால் தாள் ஆயிரம் அடித்ததில் ஐநூறுக்கு மேல் மிச்சம் இருந்தது. எல்லாத் தாளிலும் பதினேழு இருந்தது. பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை பத்துக் கட்டமும் வெள்ளையாக நிற்கும். காலிக் கட்டம் என்றால் போய்த் தேடு என்பது ஒன்பது வருஷமாக அவள் உடம்பில் ஊறிய சட்டம். ஒவ்வொரு சுற்றிலும் அந்த வெள்ளையைப் பார்த்ததும் தொண்டை வரைக்கும் "காலி" என்ற சொல் வந்துவிடும். மென்று விழுங்குவாள். ஒரு பந்தயத்துக்குப் பத்து தடவை.

வேறு சிலதும் நடந்தன. அண்ணன் இப்போதும் ஒன்பதைக் கூப்பிட்ட பிறகு ஒரு மூச்சு நிறுத்துவார். அடுத்து வருவது எந்த வண்டியாக இருந்தாலும் சரி, ஒன்பது எத்தனையாவதாக வந்தாலும் சரி, அதற்குப் பிறகு ஒருவர் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி. அவருக்கே அது தெரியாது. எடை மேடையில் மத்தியான வேளையில், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் கியர் குறைத்து மேட்டில் ஏறுகிற சத்தம் கேட்கும். அது மறுபக்கம் இறங்குகிற சத்தத்துக்காக அவள் காத்திருப்பாள். சில நாள் இறங்காது. எழுந்து போய்ப் பார்த்தால் தெருவில் ஒன்றும் இருக்காது. ஒருநாள் பதிவேட்டைப் புரட்டியபோது ஓரத்தில், பென்சிலில், சின்னதாக ஒரு மூன்று. இன்னும் புரட்டினாள். பதினாலு பக்கத்தில் பதினாலு மூன்று. அவள் கையெழுத்துதான். எப்போது எழுதினாள் என்று தெரியவில்லை.

அழிக்கவில்லை. ஒவ்வொன்றையும் ஒற்றைக் கோடு போட்டு அடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

பந்தயத்துக்கு எழுதுவதை விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தாள். போகாமலிருந்தால், தான் எழுதாத தாளில் ஒரு கட்டம் தப்பாக நிரம்புமோ என்று இன்னும் பயம். எழுதினது அண்ணன் சொன்னதைத்தான் என்ற ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினாள். அது உண்மையா என்று தெரிய வேண்டும். தெரிந்தால் தையல் கடைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். இந்த இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன.

இரண்டாம் வருஷம் முடிகிற சமயம், இன்னொரு வெயில் ஞாயிறு. பதினெட்டு வண்டிகள், அதில் இரண்டு இரண்டாம் சுற்றோடு விலகிவிட்டன. தூசி அன்றைப்போலவே தொங்கியது. நாலு, ஒன்பது என்று அண்ணன் குரல் வந்தது. அந்த மூச்சு இடைவெளி வந்தது. பிறகு இரண்டு, பிறகு பன்னிரண்டு. வரிசை முடிந்து, அடுத்த சுற்றுக்குப் பேனாவைக் கீழே இறக்கியவள் தாளைப் பார்த்தாள்.

பதினேழுக்குக் கீழே, ஏழாவது கட்டத்தில், அழகாக, அழுத்தமாக ஒரு மூன்று.

தலையை நிமிர்த்திப் பாதையைப் பார்த்தாள். ஒரு விநாடி, உண்மையாகவே ஒரே ஒரு விநாடி, கொக்கி கழற்றிய ஒரு வண்டி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்புவதைத் தேடினாள். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கொக்கிகள் இல்லை. இருக்காது என்று தெரிந்துதான் பார்த்தாள்.

மீதி மூன்று சுற்றையும் தவறில்லாமல் எழுதி முடித்தாள். அவள் அப்படித்தான். எல்லாரும் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போன பிறகு சொன்னாள்:

"டிக்டிக்கை எடு. திருகாதே. எவ்வளவு?"

"நூத்தி அறுபத்து நாலு."

"தாள்ல நூத்தி அறுபத்தஞ்சு."

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். "ஒண்ணுதானே. வயசாச்சு, விரல் மரத்துப் போயிருக்கும்."

அவள் தாளைத் திருப்பி, ஏழாவது கட்டத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இப்போ நீ பதினேழுன்னு கூப்பிட்டியா அண்ணா?"

"இல்லாத நம்பரை நான் எதுக்குக் கூப்பிடப் போறேன்?"

"நீ கூப்பிடாமலே நான் எழுதியிருக்கேன்."

அவர் மேசைக்கு மேலே நிழலுக்குக் கட்டியிருந்த படுதாவின் கயிற்றை அவிழ்க்கப் போனார். முடிச்சு அவிழவில்லை.

"அன்னிக்கு டிக்டிக்ல என்ன இருந்துச்சு? நீ பார்த்துட்டுத்தான் திருகினே. நான் பார்த்தேன்."

"விடும்மா."

"தாள்ல நூத்தி அம்பத்தொம்பது. உன் கையில என்ன இருந்துச்சு?"

கயிற்றை விட்டுவிட்டு அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நாற்பத்தேழு பயணிகளை ஒரே அதட்டில் உள்ளே நகர்த்துகிற குரல் பக்கத்திலேயே கேட்காத அளவுக்கு இறங்கியது.

"நூத்தி அம்பத்தெட்டு."

தங்கை பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

"என் வாயும் விரலும் சேர்ந்துதான் போகும்" என்றார். "கூப்பிட்டிருந்தா அழுத்தியிருப்பேன். நான் கூப்பிடல. நீயா எழுதினது. அது உனக்குத் தெரிய வேண்டாம்னுதான்... என்மேல போட்டுக்கலாம்னு பார்த்தேன். ஊர் பூரா உன்னைப் பத்திப் பெருமையடிச்சது நான். அந்தப் பெருமைதான் உன் கையை ஓட வச்சுது."

"கை என்னோடது" என்றாள் தங்கை. அதற்குமேல் அவரைக் குற்றம் சொல்லவும் இல்லை, தேற்றவும் இல்லை.

மறுநாள் காலை இரண்டு வருஷமாகப் போகாத தெரு வழியாகப் போனாள். பால்காரனின் அம்மா ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தார். இவள் கை கொடுத்து மீதியைத் தூக்கினாள்.

"என்னம்மா, ரவிக்கையா?"

"இல்லம்மா. ஒண்ணு சொல்லணும். உக்காருங்க."

நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "உங்க பையன் எட்டாவது சுத்துல விழல. ஏழுலயே விழுந்துட்டான். ஏழாவது சுத்துல அவன் கோட்டைத் தாண்டவே இல்ல. நான் தாண்டினதா எழுதிட்டேன். யாரும் சொல்லல, நானா எழுதினேன். கட்டம் காலியா இருந்திருந்தா உடனே விசில் ஊதியிருப்பாங்க. என்னால அடுத்த சுத்து வரைக்கும் தனியாத்தான் கிடந்தான்."

அந்த அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கோத்து முடித்து, முடிச்சுப் போட்டு, ஊசியைப் பஞ்சில் குத்தி வைத்தார்.

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிஷம் இருபது விநாடி. ஒரு சுத்துக்கு அவ்வளவுதான் ஆகும்."

சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. விநாடி முள் பன்னிரண்டைத் தொட்டதும் அந்த அம்மா அதைப் பார்க்கத் தொடங்கினார். முதலில் தங்கைக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. விநாடி முள் ஒரு முழுச் சுற்று வந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். இரண்டாவது சுற்று வந்தது. ஒரு பெண் வாசலில் தலையை நீட்டி, "அக்கா, என் பாவாடை..." என்று ஆரம்பித்து, உள்ளே இருந்த முகங்களைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினாள். முள் நாலாம் எண்ணைத் தொட்டதும் அந்த அம்மா மூச்சு விட்டார்.

"ரொம்ப நேரம்" என்றார்.

தங்கை தலையை ஆட்டினாள்.

"முழிச்சிருந்தானா?"

"தெரியாதும்மா. யாருக்கும் தெரியாது."

அவர் மேசையிலிருந்த கத்தரிக்கோல், சாக்குக்கட்டி, பொத்தான் டப்பா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நகர்த்தினார். கண்ணாடியைத் தூக்கித் தாளை எடுத்தார். இரண்டு வருஷத்தில் ஓரம் பழுப்பேறி இருந்தது. தங்கை முன்னால் வைத்தார்.

"சரியா எழுதிக் குடு."

தங்கை பேனாவைத் திறந்தாள். கோடு கோணாமல் இருக்க மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொண்டாள். ஏழாவது மூன்றின்மேல் ஒற்றைக் கோடு. மூன்று அடியில் தெரிந்தது. பக்கத்தில் 'காலி' என்று எழுதிக் கையெழுத்தும் அன்றைய தேதியும் போட்டாள். பிறகு அந்த வரிசையில் பன்னிரண்டுக்கு நாலை அடித்து மூன்று, அடுத்ததற்கு ஐந்தை அடித்து நாலு என்று கடைசி வண்டி வரை பதினேழு கட்டத்தையும் திருத்தினாள். அந்த அம்மா தலையைக் குனிந்து ஒவ்வொரு கோட்டையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆறு சுத்து மூணாவது" என்றார் கடைசியில், தனக்குள்.

"இனிமே நான் எழுதப் போறதில்லம்மா."

"நீ போனா வேற எவனாவது வந்து எழுதுவான். அவனுக்கு இது தெரியுமா?" குரல் முதல்முறையாக உயர்ந்தது. "உனக்குத் தெரியும். நீயே இருந்து எழுது. இப்போ போ. லாரி நிக்கும்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. தங்கை கேட்கவும் இல்லை.

அடுத்த ஞாயிறு பந்தயம் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது அந்த அம்மா வந்தார். ஒரு கையில் மடக்கு நாற்காலி, இன்னொரு கையில் குடை. மேசைக்கு நேராக வந்தார். தங்கையைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தார்.

"அந்த மேட்டுக்குப் பின்னால இப்போ யாரு நிக்கிறா?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "விபத்துக்குப் பிறகு ஆறு மாசம் ஒருத்தரைக் கட்டாயமா நிக்க வச்சோம்மா. அப்புறம் வெயில்ல யாரும்..."

அந்த அம்மா கையை நீட்டினார். அண்ணன் ஒன்றும் பேசாமல் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றிக் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷமாக அவர் கழுத்தை விட்டு இறங்காத விசில்.

"எல்லாரும் தாண்டிப் போயிட்டா ஒரு தடவை ஊதுவேன். எவனாவது விழுந்தா மூணு தடவை."

நாற்காலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தார். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, மேட்டைச் சுற்றிக்கொண்டு பார்வையிலிருந்து போனார்.

அன்றிலிருந்து எழுதுகிற முறையும் மாறியது. அண்ணன் எண்ணைக் கூப்பிடுவார். தங்கை அதைத் திருப்பி உரக்கச் சொல்வாள். அதற்குப் பிறகுதான் பேனா தாளைத் தொடும். "பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கு" என்று பையன்கள் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

அன்று முதல் சுற்றில் கடைசி வண்டி மேட்டுக்குப் பின்னால் மறைந்த கொஞ்ச நேரத்திலேயே அங்கிருந்து ஒரு விசில் வந்தது. இரண்டாவதிலும் வந்தது. ஒவ்வொரு தடவையும் தங்கை இடது கைக் கட்டை விரலால் ஒரு விரல் கணுவைத் தொட்டாள்.

ஏழாவது சுற்றில் கடைசி வண்டியும் மேட்டுக்குப் பின்னால் போய் மறைந்தது. விசில் வரவில்லை. அண்ணன் வாயைத் திறந்தபடி அந்தப் பக்கமே பார்த்தார். தங்கை தாளைப் பார்த்தாள். பதினேழுக்குக் கீழே கட்டம் வெள்ளையாக இருந்தது. பேனா அதன்மேல், நூல் அளவு உயரத்தில், நின்றுகொண்டிருந்தது. அவள் பேனாவைத் தாளிலிருந்து தூக்கித் தோளுக்கு மேலே பிடித்துக்கொண்டாள்.

வண்டிகள் மறுமுனையில் வரத் தொடங்கிவிட்டன. சத்தம் நெருங்கியது. அதற்குப் பின்னாலிருந்து, மேட்டின் அந்தப் பக்கத்திலிருந்து, மெலிதாக, நீளமாக, ஒரே ஒரு விசில்.